சேர்ந்த தேதியா, மடை இருக்கும் இடமா? விமானிகளின் சீனியாரிட்டி பட்டியலை இணைக்கும் கதை

மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகன் ஒரு விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, 2014இல் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த நிறுவனம் தன்னைவிடப் பெரிய ஒன்றோடு இணைந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் வரைவுப் பட்டியலில், அந்தப் பக்கம் 2017இல் சேர்ந்த ஒரு பையன் இவர் மகனுக்கு இருநூறு இடம் முன்னால் நிற்கிறான். "மூன்று வருஷம் பின்னால் வந்தவன் எப்படி சார் முன்னால் நிற்பான்? பள்ளிக்கூடத்தில்கூட சேர்ந்த தேதிதானே பார்ப்போம்? கோர்ட்டுக்குப் போகலாமா? பையன் போனில் சரியாகவே பேசுவதில்லை" என்கிறார்.

டீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு நியாயமான குறை ஒன்று இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் குறை அது இல்லை. சேர்ந்த தேதியைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அநேகமாகத் தோற்பார். வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டு போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அந்தக் கணக்கைப் பின்னால் போடுகிறேன். நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் எனக்கும் வேலை சுலபம்.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. ஒரு விமான நிறுவனத்தின் பெர்சனல் டிபார்ட்மென்டில் வேலை பார்த்து, ரிட்டயராகி, இப்போது நன்னிலம் பக்கம் இரண்டு ஏக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். ஒரு இணைப்பின்போது இரண்டு பட்டியலை ஒன்றாக்கிய குழுவில் எடுபிடி வேலை செய்தேன். அந்த ஆறு மாதத்தில் வாங்கிய வசவு, மிச்ச சர்வீஸ் முழுவதும் வாங்கியதைவிட அதிகம்.

முதலில் அந்த நம்பர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விமானிக்கு சீனியாரிட்டி நம்பர் என்பது மரியாதைக்காகக் கொடுப்பது இல்லை. வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு, அதாவது கேப்டன் சீட்டுக்கு எப்போது நகர்வது, ஏடிஆர் என்ற சின்ன விமானத்திலிருந்து ஏர்பஸ்ஸுக்கோ அதிலிருந்து பெரிய விமானத்துக்கோ எப்போது போவது, சென்னை பேஸ் கிடைக்குமா டெல்லிக்குத் தூக்கிப் போடுவார்களா, பொங்கலுக்கு லீவ் யாருக்கு, கெட்ட காலம் வந்தால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் அந்த வரிசையைத் தொட்டுத்தான் நடக்கும். அமெரிக்காவில் இது ரொம்பக் கறார். அங்கே 20 வருஷம் ஓட்டிய கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால் கடைசி ஆளாக, ஆரம்பச் சம்பளத்தில் தொடங்க வேண்டும். நம்மூரில் அத்தனை கறார் இல்லை, கேப்டனைக் கேப்டனாகவே எடுப்பார்கள். ஆனாலும் கம்பெனிக்குள் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, யாருக்கு முதலில் என்று வரும்போது, தேவையான பறப்பு மணியும் தேர்ச்சியும் இருப்பவர்களுக்குள் வரிசைதான் பேசும்.

ஆகவே அது சர்வீஸ் போட்ட வருஷத்தின் கணக்கு இல்லை, ஒரு வாய்க்காலில் மடை இருக்கும் இடம். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாமணி ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால், வயல் வாங்கின வருஷத்தைப் பார்த்தா பாய்ச்சுகிறோம்? பத்திரத்தில் 1950 என்று போட்டிருந்தாலும் கடைமடைக்காரர் கடைமடைக்காரர்தான். போன வருஷம் வாங்கியவர் மடை மேலே இருந்தால் அவர் வயல் முதலில் நனையும். இது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் ஊர் அப்படித்தான் நடக்கிறது. தலைமடை நிலத்தின் விலையும் அதற்கேற்பத்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு வாய்க்காலை ஒரே மதகில் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்று ஏறக்குறைய வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். இன்னொன்று வறண்டுபோய், முறைவைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. வறண்ட வாய்க்காலின் கடைமடைக்காரர், "எங்கள் தாத்தா காலத்து நிலம், அதனால் புது வாய்க்காலில் எனக்கு நடுமடை கொடு" என்றால் அந்தப் பக்கத்துக்காரன் மண்வெட்டியோடு வருவானா மாட்டானா?

சரி, எண்ணுக்கு வருவோம். உங்கள் மகன் கம்பெனியின் உண்மை எண்கள் என்னிடம் இல்லை. அதனால் கற்பனையாக இரண்டு கம்பெனி வைத்துக்கொள்கிறேன். பெரியதில் 1,000 விமானிகள், அதில் 500 கேப்டன். சிறியதில் 400 விமானிகள், அதில் 150 கேப்டன். பெரியது வளரும் கம்பெனி, ஆட்களை அள்ளிப் போட்டது. 2017இல் சேர்ந்த பையன் அங்கே இப்போது 600ஆவது ஆள். சிறியது தேங்கிப்போனது. 2014இல் சேர்ந்த உங்கள் மகனுக்குப் பின்னால் வந்தவர்களே 100 பேர்தான், அவர் 300ஆவது ஆள். அதாவது அந்தப் பையன் தன் வாய்க்காலில் மேலிருந்து 60 சதவீதத்தில் இருக்கிறான், உங்கள் மகன் தன் வாய்க்காலில் 75 சதவீதத்தில்.

விகிதப்படி கோத்தால், 1,400 பேர் கொண்ட புதுப் பட்டியலில் அந்தப் பையன் 840, உங்கள் மகன் 1,050. இடையில் 210 இடம். நீங்கள் சொன்ன இருநூறு பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்கும். யாரும் உங்கள் மகனைக் கீழே தள்ளவில்லை. அவர் 75 சதவீதத்தில் இருந்தார், இப்போதும் 75 சதவீதத்தில்தான் இருக்கிறார்.

இதையே சேர்ந்த தேதிப்படி கோத்துப் பார்ப்போம். பெரிய கம்பெனியில் உங்கள் மகனுக்கு முன்பே சேர்ந்தவர்கள் 350 பேர் என்று வையுங்கள். இவர் கம்பெனியில் இவருக்கு முன்னால் 299 பேர். ஆக இவர் புதுப் பட்டியலில் 650ஆவது ஆள். இரண்டு கம்பெனியிலும் சேர்த்து கேப்டன் சீட்டு எத்தனை? 650. தன் கம்பெனியில் கமாண்டுக்கு இன்னும் 150 பேர் நகர வேண்டியிருந்தவர், இணைப்பு நடந்த மறுநாள் காலையில் கேப்டன் சீட்டின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்! அந்த நாற்காலி யாருடையது? பெரிய கம்பெனியில் 2015, 2016இல் சேர்ந்து ஏற்கெனவே கேப்டனாகிவிட்டவர்களுடையது. அவர்கள் வீட்டிலும் ஒரு டீச்சரம்மா இருப்பார்.

இதனால்தான் சேர்ந்த தேதி, கேட்பதற்கு மிக நியாயமாகவும் செய்வதற்கு மிக அநியாயமாகவும் இருக்கிறது. வளராத கம்பெனியில் எல்லோரும் பழைய தேதிக்காரர்கள், வளரும் கம்பெனியில் எல்லோரும் புதிய தேதிக்காரர்கள். தேதிப்படி கோத்தால் எந்தக் கம்பெனி தேங்கியதோ அதற்குப் பரிசு.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் உண்டு. வாங்கிய கம்பெனி, வாங்கப்பட்ட கம்பெனியின் ஆட்களை அப்படியே தன் பட்டியலின் அடியில் ஒட்டிவிடுவது. அமெரிக்கர்கள் இதை 'ஸ்டேப்பிள்' போடுவது என்பார்கள், அடியில் ஒரு தாளை வைத்து பின் அடிக்கிற மாதிரி. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கியபோது அந்தப் பக்கத்து விமானிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை இப்படித்தான் அடியில் சேர்த்தார்கள். விமானப் பணிப்பெண்களின் கதி இன்னும் மோசம், அத்தனை பேரும் அடியில். அதே வருஷம் செப்டம்பர் 11 வந்தது, ஆட்குறைப்பு வந்தது, அடியில் இருந்தவர்கள் தலை முதலில் உருண்டது. டிடபிள்யூஏவின் ஊரான மிசௌரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மெக்காஸ்கில், பாண்ட் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், சேர்ந்து 2007 டிசம்பரில் ஒரு சட்டத்தையே கொண்டுவந்தார்கள். விமான நிறுவனங்கள் இணையும்போது பட்டியலை 'நியாயமாகவும் சமநோக்கோடும்' கோக்க வேண்டும், ஒத்துவரவில்லை என்றால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். 1972இல் அலகெனி, மொஹாக் என்ற இரண்டு கம்பெனிகள் இணைந்தபோது வகுத்த பாதுகாப்பு விதிகளில் இரண்டைத்தான் அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது.

நியாயம் என்று சட்டத்தில் எழுதுவது சுலபம். நியாயம் எது என்பதில்தான் பத்து வருஷம் போகும். நான் மிகையாகச் சொல்லவில்லை. யுஎஸ் ஏர்வேஸ் கதையைக் கேளுங்கள்.

2005இல் அமெரிக்கா வெஸ்ட் என்ற இளம் கம்பெனியும் யுஎஸ் ஏர்வேஸ் என்ற முதிய கம்பெனியும் இணைந்தன. முதியது இரண்டு முறை திவால் மனு போட்டது. அங்கே 17 வருஷம் ஓட்டிய விமானியும் பட்டியலின் அடியில்தான் இருந்தார், அவருக்கும் கீழே ஆட்குறைப்பில் வீட்டுக்குப் போனவர்கள் கூட்டமாக இருந்தார்கள். இரு தரப்பும் ஒத்துவராமல் ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவரிடம் போனார்கள். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வழக்குகளையெல்லாம் தீர்த்துவைத்த பழுத்த மனிதர். 2007 மே மாதம் தீர்ப்புச் சொன்னார். பெரிய விமானங்கள் யுஎஸ் ஏர்வேஸிடம் மட்டுமே இருந்ததால் முதல் 517 இடம் அந்தப் பக்கத்துக்கு. நடுவில் விகிதப்படி கோப்பு. வீட்டில் இருந்தவர்கள் அடியில், ஏனென்றால் இணைப்புக்குக் கொண்டுவர அவர்கள் கையில் வேலையே இல்லை.

விளைவு, 17 வருஷம் ஓட்டியவர், அந்தப் பக்கம் சில மாதங்களுக்கு முன்பு சேர்ந்தவருக்கு அருகில் போய் நின்றார். யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள் கொதித்துவிட்டார்கள். எண்ணிக்கையில் தாங்களே அதிகம் என்பதால், இருந்த சங்கத்தையே ஓட்டுப் போட்டு வெளியேற்றிவிட்டு, சேர்ந்த தேதிதான் எங்கள் கொள்கை என்று 2008இல் புதுச் சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கா வெஸ்ட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரே கம்பெனி, ஒரே பெயிண்ட் அடித்த விமானம், ஆனால் கிழக்குக் கோஷ்டி, அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ், ஒரு பட்டியலில், மேற்குக் கோஷ்டியான அமெரிக்கா வெஸ்ட் இன்னொரு பட்டியலில். பொது ஒப்பந்தம் வரவில்லை என்பதால் இரண்டு கோஷ்டியும் பழைய சம்பளத்திலேயே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு அடுத்த இணைப்பே வந்துவிட்டது. மூன்று கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல் வந்தது 2016இல். 2005இல் 50 வயதில் இருந்தவர் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது 61. அங்கே 65இல் ஓய்வு.

இன்னொரு பக்கம் டெல்டாவும் நார்த்வெஸ்டும். அதே 2008. அக்டோபர் கடைசியில் இணைப்பு முடிந்தது, டிசம்பரில் நடுவர் குழுவின் பட்டியல் கையில். வித்தியாசம் என்னவென்றால், இணைப்பு முடியும் முன்பே இரு தரப்பு விமானிகளும் பொதுச் சம்பள ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். சம்பளம் எல்லோருக்கும் ஏறிய பிறகு நம்பர் சண்டையின் சூடு பாதி இறங்கிவிடும். இந்த வரிசையை மாற்றிச் செய்யும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் பட்டியலை ஒட்டிவிட்டு, சம்பளத்தைப் பிறகு பேசலாம் என்பார்கள். வயிற்றெரிச்சலோடு இருப்பவனிடம் என்ன பேச முடியும்?

நம் நாட்டுக்கு வருவோம். இது நமக்குப் புதிதே இல்லை. 1953 ஆகஸ்டில் எட்டு கம்பெனிகளைச் சேர்த்துத்தான் இந்தியன் ஏர்லைன்ஸே பிறந்தது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு காலத்தில் சென்னைக்கு வாயுதூத் பறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கூட்டமில்லாமல் நிறுத்தினார்கள். அந்த வாயுதூதும் 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரே நிறுவனமாயின. காகிதத்தில்தான் ஒன்று. அந்தப் பக்கத்துக்கு ஒரு சங்கம், இந்தப் பக்கத்துக்கு ஒரு சங்கம். சம்பள வித்தியாசத்துக்காக 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி இரு தரப்புக்கும் என்று சொன்னதும் பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. இரு பக்க ஊழியர்களின் பதவி, சம்பள வேறுபாடுகளைச் சமன்செய்ய நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட வேண்டிவந்தது. இணைத்து ஐந்து வருஷம் ஆன பிறகும் இப்படி. கடைசியாக 2024 அக்டோபரில் பழைய ஏர் ஏஷியா இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும், நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவிலும் இணைந்தன.

இதில் சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் உள்ள மாதிரி, விமானிகளின் பட்டியலை இப்படித்தான் கோக்க வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே கிடையாது. கம்பெனிச் சட்டப்படி தீர்ப்பாயம் ஒப்புக்கொள்ளும் இணைப்புத் திட்டத்தில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: ஊழியர்களின் சர்வீஸ் அறுபடாமல் தொடரும், நிபந்தனைகள் முன்பைவிடக் குறையாது. இதில் சம்பளம் இருக்கிறது, கிராஜுவிட்டி இருக்கிறது. சீனியாரிட்டி நம்பர் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் நீதிமன்றங்கள் சொன்னவை நிறைய உண்டு. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது, கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது இல்லையா, அப்போது திருவிதாங்கூர்–கொச்சி அரசிலிருந்து வந்த ஊழியர்களை நம் வரிசையில் எங்கே செருகுவது என்ற கேள்வி வந்தது. நாடு முழுக்க இதே தலைவலி. அதற்கு வகுத்த கொள்கை: முதலில் பதவிகளைச் சமன்செய்ய வேண்டும். வேலையின் தன்மை, பொறுப்பும் அதிகாரமும், குறைந்தபட்சத் தகுதி, சம்பளம் என்ற நான்கையும் பார்த்து எந்தப் பதவிக்கு எந்தப் பதவி ஈடு என்று முடிவுசெய்துவிட்டு, அப்புறம்தான் அந்தப் பதவியில் எத்தனை வருஷம் என்று எண்ண வேண்டும். பாருங்கள், அரசாங்கத்திலேயே தேதி இரண்டாவது இடத்தில்தான். விமானிகளுக்கும் இன்று பல நடுவர்கள் செய்வது ஏறக்குறைய இதுதான். கேப்டனைக் கேப்டனோடு, பெரிய விமானத்தைப் பெரிய விமானத்தோடு முதலில் அடுக்கிவிட்டு, உள்ளே விகிதமும் சர்வீஸும் கலந்து கோப்பார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது ஊழியரின் உரிமை, ஆனால் பதவி உயர்வுக்கான வாய்ப்பு குறைந்துபோவது சேவை நிபந்தனையை மாற்றுவது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1974இலேயே சொல்லிவிட்டது. முகமது சுஜாத் அலி வழக்கு. நாற்பது படி கீழே போனாலும் அதே ஏணியில்தானே நிற்கிறாய் என்பது அதன் போக்கு. தனியார் கம்பெனி என்றால் ரிட் மனுவும் போட முடியாது. ஏர் இந்தியா டாடாவிடம் போன பிறகு அதன் மீது ரிட் செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது ஊழியர்கள், அரசாங்கக் கம்பெனியாக இருந்தபோதே தொடுத்த வழக்கு! ஆகவே கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், கதவு திறந்திருக்கிறது, உள்ளே போய்ச் சிவில் வழக்காகவோ தொழில் தகராறாகவோ நடத்தலாம், ஆனால் பையனின் பறக்கும் வயதை அதில் செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இப்போது நான் சொன்ன வேறு கணக்கு.

சிறிய கம்பெனி தேங்கிப்போனது என்றேனே, அங்கே ஆட்கள் எல்லோரும் வயதானவர்கள். உங்கள் மகனுக்கு மேலே இருக்கும் 299 பேரில் அடுத்த 10 வருஷத்தில் 120 பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று வையுங்கள். இணைப்பே நடக்காமல் இருந்திருந்தால் இவர் 300லிருந்து 180க்கு வந்திருப்பார். கேப்டன் சீட்டு 150. இன்னும் 30 பேர்தான். இணைந்த பட்டியலில்? பெரிய கம்பெனியில் எல்லோரும் இளவட்டம், இவருக்கு மேலே இருப்பவர்களில் அங்கே 60 பேர்தான் ஓய்வு பெறுவார்கள். 120உம் 60உம் 180. இவர் 1,050லிருந்து 870க்கு வருவார். கேப்டன் சீட்டு 650. இன்னும் 220 பேர்!

புரிகிறதா டீச்சர்? இன்றைய தேதியில் 75 சதவீதம், 75 சதவீதமாகவே இருக்கிறது. அதில் அநியாயம் இல்லை. ஆனால் அவர் வாய்க்காலில் மேல்மடைக்காரர்கள் ஒவ்வொருவராக விவசாயத்தை விடப்போகிறார்கள், அந்தத் தண்ணீர் அவருக்கு வந்துகொண்டிருந்தது. இணைப்பு அதை 1,400 பேருக்குப் பங்கு வைத்துவிட்டது. 'இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும்' என்பதற்கு நடுவர்கள் காது கொடுப்பார்கள். அதைச் சேர்ந்த தேதியை வைத்துச் சொன்னால் பொறாமை மாதிரி கேட்கும். ஓய்வுபெறுவோர் பட்டியலை வைத்துச் சொன்னால் கணக்காகக் கேட்கும். எதிர்த் தரப்புக்கும் பதில் உண்டு, மறைக்க மாட்டேன்: "உன் கம்பெனி பத்து வருஷம் உயிரோடு இருந்திருக்குமா? விமானம் ஆர்டர் போட்டிருப்பது நாங்கள்தானே, அந்தக் கேப்டன் சீட்டுகளில் உனக்கும் பங்கு வருகிறதே?" யுஎஸ் ஏர்வேஸ்காரர்களும் இந்த ஓய்வுக் கணக்கைத்தான் போட்டார்கள். திவாலான கம்பெனியிலிருந்து வந்ததால் எடுபடவில்லை. உங்கள் மகன் கம்பெனி லாபத்தில் ஓடியதா, நஷ்டத்தில் தவித்ததா என்பது இங்கேதான் முக்கியம்.

நாங்கள் பட்டியல் கோத்த கதையை ஒரு நிமிஷம் சொல்கிறேன். கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் தலைமை அதிகாரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பக்கத்து விமானிகளின் பெயரை வெள்ளைத் துண்டுச் சீட்டிலும், மறுபக்கத்துப் பெயரை மஞ்சள் சீட்டிலும் எழுதி, கேண்டீனின் நீள மேஜைகளைச் சேர்த்துப்போட்டு வரிசையாக அடுக்கினோம். சென்னை, மே மாதம். சீட்டு பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வியர்வை சொட்டி மஞ்சள் சாயம் விரலில் ஒட்டியது. கேண்டீன் பையன் டீ கொண்டுவந்து வைத்தவன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கடைசில பூரா மஞ்சளா இருக்கே" என்றான். யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அதைக் கலைத்து மறுபடி அடுக்கினோம். அந்தப் பையனுக்குத் தெரிந்தது எங்கள் கணக்குக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல பட்டியலில் எந்த நூறு பேரை எடுத்தாலும் இரண்டு நிறமும் கண்ணில் பட வேண்டும்.

பட்டியலை ஒட்டிய பிறகு வந்த ஆட்சேபக் கடிதங்களில் பெரும்பாலானவை கொள்கைச் சண்டைகள், படித்துக் கோப்பில் போட்டோம். திருத்தம் கிடைத்தது எதற்கு என்றால், விவரத்தில் பிழை காட்டியவர்களுக்கு. ஆகவே உங்கள் மகன் முதலில் செய்ய வேண்டியது தன் வரியைச் சரிபார்ப்பது. அவர் தேதி என்று போட்டிருப்பது பணி ஆணைத் தேதியா, பயிற்சி தொடங்கிய தேதியா, பயிற்சி முடிந்து ரூட்டில் விட்ட தேதியா? இரண்டு கம்பெனியும் வெவ்வேறு தேதியைப் பிடித்திருந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் கூட வித்தியாசம் வரும். அவர் தரப்புக்குப் பயிற்சி முடிந்த தேதியும் அந்தத் தரப்புக்குப் பணி ஆணைத் தேதியும் போட்டிருந்தால் அது கொள்கைச் சண்டை இல்லை, சுத்தமான பிழை. ஒரே பேட்ச்சில் சேர்ந்தவர்களை எதை வைத்து வரிசைப்படுத்தினார்கள், பிறந்த தேதியா, பயிற்சி மதிப்பெண்ணா? சம்பளமில்லா விடுப்பைக் கழித்தார்களா? எந்த நாளின் நிலவரத்தைப் படம் பிடித்தமாதிரி எடுத்துப் பட்டியல் போட்டார்கள்? இணைப்பு அறிவித்த நாளா, முடிந்த நாளா? இடைப்பட்ட காலத்தில் பெரிய கம்பெனி அவசர அவசரமாக நூறு பேரைக் கேப்டன் ஆக்கியிருந்தால் அது தனிக் கதை. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது, நம்பரை விட்டுவிட்டு நிபந்தனைகளைக் கேட்பது. ஆட்கள் நம்பரிலேயே கண்ணாக இருந்து இதைக் கோட்டைவிடுவார்கள். பட்டியல் வந்த நாளில் யார் எந்தச் சீட்டில் இருக்கிறாரோ அவரை நம்பரைக் காட்டி எழுப்பக் கூடாது, நட்ட பயிரைப் பிடுங்கி இடம் மாற்றாத மாதிரி. இது அநேகமாக எல்லா இணைப்பிலும் உண்டு, இவர் கம்பெனியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று வேலி. ஒரு தரப்பு கொண்டுவந்த விமானங்களின் காலியிடம் இத்தனை வருஷத்துக்கு அந்தத் தரப்புக்கே என்று கட்டுவது. உங்கள் மகன் தரப்பில் 120 பேர் ஓய்வு பெறுவது உண்மையானால், அதனால் காலியாகும் கேப்டன் சீட்டில் ஒரு பகுதியாவது ஐந்தாறு வருஷத்துக்கு இந்தத் தரப்பு ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு என்று வேலி கேட்கலாம். பட்டியலில் ஒரு நம்பரையும் மாற்றாமல் கொடுக்கக்கூடிய சலுகை என்பதால் நிர்வாகத்துக்கும் இது சுலபம். தனி ஆளாகக் கேட்டால் குப்பைத்தொட்டி. அதே நிலையில் இருக்கும் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, வருஷவாரியாக ஓய்வுபெறுவோர் எண்ணிக்கையை ஒரே பக்கத்தில் அட்டவணையாக வைத்துக் கேட்டால் பேச்சுக்குக் கூப்பிடுவார்கள்.

கோபத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்பார். என்னிடம் வந்தவர்களில் பத்தில் ஒருவர் அப்படித்தான் பேசினார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர் என்றால் ஆறு மாதம், கேப்டன் என்றால் ஒரு வருஷம் நோட்டீஸ் என்பது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. அதற்குள் கோபம் தணிந்துவிடும் என்பது வேறு விஷயம். கமாண்ட் ஆகாத நிலையில் போனால் அங்கேயும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். கமாண்ட் கிடைத்த பிறகு கேப்டனாகப் போவது வேறு, அதைத் தடுக்க மாட்டேன்.

அவர் போனில் சரியாகப் பேசாததற்குக் காரணம் நம்பர் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்த 2017 பையனோடு அடுத்த மாதம் ஒரே காக்பிட்டில் உட்கார வேண்டியிருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் 'அவன் எப்படி முன்னால் போனான்' என்று தொடங்கினால் அவர் என்ன பேசுவார்? கணக்கைக் கேளுங்கள், உங்கள் பாஷையில் கேட்டால் பேசுவார். அவர் கம்பெனியில் அவருக்கு மேலே இருப்பவர்களின் ஓய்வு வருஷம் அவரிடம் கிடைக்கும். கிடைத்ததும் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மன்னார்குடி வருகிறேன். பட்டியலை அச்செடுத்து வையுங்கள், 1,400 பெயரை செல்போனில் பார்க்க என் கண் ஒத்துழைக்காது. இரண்டு நிறக் காகிதம் இருந்தால் இன்னும் நல்லது.